27 சொல் வேதம்

அமெரிக்க நாட்டிலே, மின்னசோட்டா மாநிலத்திலே, செயின்ட் பால் எனும் நகரிலே ஒரு பள்ளிக்கூடம். அப்பள்ளியின் உணவுக்கூடத்தை மேற்பார்த்து வந்தவர் பிலாண்டோ காஸ்டில் என்னும் கறுப்பின இளைஞர், வயது 32. தட்டேந்தி வரிசையில் வரும் சிறுவர் சிறுமியரைப் பெயர் சொல்லி அழைப்பார். எந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பண்டம் ஆகாது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருந்து பரிமாறுவார். கையில் காசின்றி நிற்கும் பிள்ளையைக் கண்டால் தம் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிடுவார். நானும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவன்தான்; பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பசியறியும் ஒருவர் ஒரு பள்ளிக்கு எத்துணைப் பெரிய செல்வம் என்பதை எனக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் இரவு, ஃபால்கன் ஹைட்ஸ் என்னுமிடத்தில் அவருடைய காரைப் போலீஸ் அதிகாரி ஒருவர் நிறுத்தினார். காரணம்? பின்விளக்கு எரியவில்லையாம்! உண்மைக் காரணம் வேறு. அதை அவரே சற்று முன்னர்த் தம் கம்பியில்லாக் கருவியில் சொல்லியிருந்தார். காரில் இருப்போர் ஒரு கொள்ளையில் ஈடுபட்டவர்களைப்போல் தோன்றுகிறார்களாம்; எதனால் என்றால், ஓட்டுபவரின் அகன்ற மூக்கினால்! மூக்கின் அகலமே முதல் தகவல் அறிக்கை ஆகிவிட்டது.

காஸ்டிலிடம் துப்பாக்கி இருந்தது. அதைச் சுமந்து செல்ல முறைப்படி பெற்ற உரிமமும் இருந்தது. அவர் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. தம்மிடம் துப்பாக்கி உண்டு என்பதை, ஐயா என்று விளித்து, மரியாதையோடு முன்கூட்டியே தெரிவித்தார். தெரிவித்த சில வினாடிகளில் ஏழு குண்டுகள் சீறின. பக்கத்து இருக்கையில் அவருடைய காதலி. பின்னிருக்கையில் அப்பெண்ணின் நான்கு வயதுக் குழந்தை. மறு ஆண்டு ஜூன் திங்களில் ஜூரிமார் கூடி ஆராய்ந்து, சுட்டவர் குற்றவாளியல்லர் என்று தீர்ப்பளித்தனர்.

தோழர்களே! கண்ணீர் திரட்ட வேண்டும் என்பதற்காக இதை நான் எழுதவில்லை. அமெரிக்கர் சிலர் இருநூறாண்டுக்கு மேலாகக் காத்துவரும் வாதம் ஒன்று உண்டு. அந்த வாதத்தை உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை.

துப்பாக்கி குடிமகனின் பிறப்புரிமை. திருடனிடமிருந்து அவனைக் காப்பது. வேளை வந்தால் கொடுங்கோல் அரசிடமிருந்தும் காப்பது — இதுதான் அந்த வாதம். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது! சரி, கொடுங்கோன்மை என்றால் என்ன? அரசின் ஊதியம் பெறும் ஒருவர், அரசு தந்த உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த ஒரு குடிமகனை, வைத்திருக்கிறேன் என்று உண்மை பேசியதைக் கேட்ட மாத்திரத்தில் சுட்டுக் கொல்கிறார். இதற்கு அந்தப் பெயர் பொருந்தாதென்றால், வேறெதற்குத்தான் பொருந்தும்? துப்பாக்கி உரிமையின் தலைமைக் காவலர் எனத் தம்மைச் சாற்றிக்கொள்ளும் தேசிய ரைபிள் சங்கத்தார் இடிமுழக்கம் செய்திருக்க வேண்டாமா? செய்தது என்ன? இரண்டு நாள் கழித்து ஓர் அறிக்கை. மின்னசோட்டாவிலிருந்து வரும் செய்தி கவலை தருகிறது, தீர விசாரிக்கட்டும், விசாரணை முடியுமட்டும் நாங்கள் கருத்துரைப்பதற்கில்லை. அவ்வளவே! மாண்டவரின் பெயர்கூட அந்த அறிக்கையில் இல்லை.

ஏன் இந்த ஊமை விரதம்? இதற்கு விடை காண, அவர்கள் போற்றும் சாத்திரத்தையே புரட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் நிறைவேறியது. ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் 27 சொற்கள், ஒரே வாக்கியம். ஒழுங்கமைந்த குடிப்படை சுதந்திர நாட்டின் காப்புக்குத் தேவை என்று தொடங்கி, ஆதலால் ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. முற்பகுதி குடிப்படையைப் பேசுகிறது. பிற்பகுதி மக்களைப் பேசுகிறது. எந்தப் பகுதிக்கு எந்தப் பகுதி அடிமை? காற்புள்ளி எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது? இந்தப் பக்கம் ஓர் உரையாசிரியர் கூட்டம், அந்தப் பக்கம் ஓர் உரையாசிரியர் கூட்டம்! சூத்திரம் ஒரு முழம், பாஷ்யம் நூறு முழம் என்னும் வித்தையை நம் நாட்டுப் பண்டிதர்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அமெரிக்க நீதிமான்களும் இளைத்தவர்களல்லர்.

2008ஆம் ஆண்டு, ஹெல்லர் வழக்கில், உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான அவர்களுடைய தலைமை நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் முடிவு கூறியது. நீதிபதி ஸ்காலியா எழுதினார்: குடிப்படைப் பேச்சு வெறும் முகவுரை, தனி மனிதன் தன் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை. நீதிபதி ஸ்டீவன்ஸ் மறுத்து எழுதினார். அதோடு நின்றதா? 2022ஆம் ஆண்டு புரூயன் வழக்கில், அறுவருக்கு மூவர் என்ற கணக்கில், நீதிபதி தாமஸ் புதியதோர் அளவுகோலை வகுத்தார். துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவாயினும், அது நாட்டின் பழைய மரபோடு ஒத்திருக்கிறது என்று அரசு மெய்ப்பிக்க வேண்டுமாம்!

உயிர் எத்தனை தப்பும் என்பது கேள்வியன்று. எத்தனை குழந்தை சாகும் என்பதும் கேள்வியன்று. முன்னோர் செய்தார்களா என்பதே கேள்வி. இந்தக் குரலை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? கைம்பெண் மணத்தின்போது கேட்டோம். கோயில் நுழைவின்போது கேட்டோம். தாத்தா செய்தார், தகப்பன் செய்தார், நீ யாரடா மாற்ற என்ற அதே குரல்! கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான் வேற்றுமை.

இந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? மனைவியையோ காதலியையோ அடித்துத் துன்புறுத்தி, அதற்காக நீதிமன்றத் தடையாணைக்கு ஆளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டில் ஒரு மத்தியச் சட்டம் செய்திருந்தார்கள். 2023இல் அப்பீல் நீதிமன்றம் ஒன்று ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இப்படி ஒரு சட்டம் இல்லையே என்றது. ஆகவே செல்லாது என்றது! பதினெட்டாம் நூற்றாண்டில் மனைவியை அடித்தவனிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்க எவன் சட்டம் செய்வான்? மனைவிக்கு அன்று சொத்துரிமை இல்லை, வாக்குரிமை இல்லை, அடிபடாதிருக்கும் உரிமையும் இல்லை. நல்லவேளை, 2024இல் தலைமை நீதிமன்றம் எண்மருக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒற்றையாய் நின்று மறுத்தவர், அளவுகோலை வகுத்த அதே தாமஸ்தான். அவரைக் குறை சொல்வானேன்? தம் கோலால் ஒழுங்காக அளந்தவர் அவர் ஒருவரே!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்திருத்தம் நிறைவேறிய அதே 1791ஆம் ஆண்டில்தான் தாமஸ் பெயின் தம் மனித உரிமைகள் என்னும் நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். இறந்த தலைமுறை உயிரோடிருக்கும் தலைமுறையைக் கட்டுப்படுத்த உரிமையற்றது என்பது அந்நூலின் அடிநாதம். அமெரிக்க விடுதலைக்குப் பேனா பிடித்தவர் அவர். பெயினை மறந்து 27 சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது எந்த வகை மரபுப் பற்று என்று எனக்கு விளங்கவில்லை.

இருக்கட்டும். முன்னோரைத்தானே கேட்க வேண்டும் என்கிறார்கள்? கேட்போம்! மக்களுக்குள்ள உரிமை என்று எழுதினார்களே, யார் அந்த மக்கள்? மறு ஆண்டே, 1792இல், குடிப்படைச் சட்டம் செய்தபோது அவர்களே விடை எழுதிவிட்டார்கள். உடல் வலிவுள்ள, சுதந்திரமான, 18 முதல் 45 வயதுக்குட்பட்ட வெள்ளை ஆண் குடிமகன். வெள்ளை என்ற சொல் சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. யாரும் வெளியிலிருந்து பூசியதன்று.

1857ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாதென்று தீர்த்தார். அதற்கு அவர் அடுக்கிய அச்சங்களுள் ஒன்று என்ன? அவர்களைக் குடிமக்களென்று ஒப்புக்கொண்டால், அவர்களும் பொதுக்கூட்டம் போடுவார்களே, போகுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்துவார்களே! உரிமை இன்னதென்று டேனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் நடுங்கினார்.

உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைத் தளை அறுந்தது. அறுந்த அதே 1865ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் செய்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், வட்டார அதிகாரக் குழுவிடம் உரிமம் பெற்றாலன்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. தளையை அறுத்த கையோடு படைக்கலத்தையும் பறித்தாயிற்று. எட்டாண்டு கழித்து, 1873இல், லூசியானா மாநிலத்துக் கோல்ஃபாக்ஸ் என்னும் ஊரில், வழக்குமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை வெள்ளையர் படை ஒன்று கூட்டங்கூட்டமாகக் கொன்று குவித்தது, சரணடைந்தவர்களையும் விடவில்லை. கொன்றவர்களுள் சிலருக்குக் கிடைத்த தண்டனையும் 1876இல் தலைமை நீதிமன்றத்தில் காற்றோடு போயிற்று. இரண்டாம் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். தனி மனிதர் உன் ஆயுதத்தைப் பறித்தால் அது எங்கள் வேலையன்று என்று நீதிபதிகள் கையை விரித்தார்கள்.

1873 என்று எழுதும்போது எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டில்தான் பூனாவிலே ஜோதிராவ் புலே தம் அடிமைத்தனம் என்னும் நூலை வெளியிட்டு, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். சூத்திரரையும் தாழ்த்தப்பட்டோரையும் விடுவிக்க நம்மவர்க்கும் அம்மனம் வரட்டும் என்று விரும்பினார். அவர் நம்பிக்கையோடு மேற்றிசை நோக்கிய அந்த ஆண்டில் கோல்ஃபாக்சில் நடந்தது இது. புலே ஏமாந்தார் என்று நான் சொல்லமாட்டேன். விடுவித்த அமெரிக்காவும் இருந்தது, கொன்ற அமெரிக்காவும் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு ஜனவரியில், மான்ட்கோமரி நகரில், மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். அகிம்சையின் தூதரென்று இன்று உலகம் போற்றும் அந்தக் கிங், அன்று துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை! வீட்டில் குண்டு விழுந்தவருக்குத் தற்காப்பு உரிமம் கொடுக்க அலபாமா அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை.

அடுத்து 1967. கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில், ஹியூவே நியூட்டன், பாபி சீல் என்னும் இரு இளைஞர்கள் முந்திய ஆண்டு தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சியார், போலீசாரைப் பின்தொடர்ந்து ரோந்து வந்தனர். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் சட்டப் புத்தகம். கறுப்பின மக்களைப் போலீசார் நிறுத்தும்போது, சட்டம் விதித்த தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவதற்கு அம்மாநிலத்தில் அன்று தடையில்லை. கொடுங்கோன்மையைக் கண்காணிக்கக் குடிமகன் ஏந்தும் துப்பாக்கி, சாத்திரம் சொன்னபடியே! விளைவு? மல்ஃபோர்டு என்னும் சட்டமன்ற உறுப்பினர், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொதுவிடத்தில் நடமாடுவதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். மே 2ஆம் நாள் சிறுத்தைகள் ஆயுதத்தோடு சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்கே சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜூலை முடிவதற்குள் மசோதா சட்டமாகிவிட்டது. ஒப்பமிட்ட கவர்னர் யார்? ரொனால்டு ரீகன்! ஆதரித்து நின்ற சங்கம் எது? அதே தேசிய ரைபிள் சங்கம்! பதின்மூன்றாண்டு கழித்து, 1980இல், அச்சங்கம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கு ஆதரவு அறிவித்தபோது, அந்த வேட்பாளரும் அதே ரீகன்தான்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து, மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் புகுந்து நின்றார்கள். பார்வையாளர் மாடத்திலும் நின்றார்கள். அங்கே வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திவரத் தடை வந்தது 2021 ஜனவரியில். அதுவும் வாஷிங்டன் நாடாளுமன்றத்தையே ஒரு கூட்டம் சூறையாடிய பிறகு. சாக்ரமென்டோவுக்கு மூன்று திங்கள் போதுமாயிருந்தது என்பதை நினைவில் கொள்க.

இங்கே நம் அன்பர் சிலர் கைதட்டக்கூடும். ஆகா, கறுப்பினத்தவர்க்கும் துப்பாக்கி கொடுத்துவிட்டால் நீதி நிலைத்துவிடும் என்று. இல்லை தோழர்களே! நான் அக்கட்சியைச் சேர்ந்தவனல்லன். 2018ஆம் ஆண்டு வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. மக்கள் தொகையைவிட அதிகம். 2021இல் மட்டும் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொடுங்கோல் அரசன்மீது குறி வைப்பதாகச் சொல்லி வாங்கி வைத்த துப்பாக்கி, மனமுடைந்த ஓர் இரவில் வாங்கியவனையே குறி பார்த்திருக்கிறது. இந்தக் கணக்கில் போலீசுக்கும் பங்கில்லை, நிறத்துக்கும் பங்கில்லை. கையெட்டும் தூரத்தில் கருவி இருந்தது, அவ்வளவே. கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால், கட்டுப்பாட்டை நிறைவேற்றப்போவது யார்? இங்கேதான் அமெரிக்கச் சீர்திருத்தக்காரர்கள் வழுக்குகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. துப்பாக்கிச் சட்டத்தை ஒரு மேடையில் பேசுகிறார்கள்; போலீஸ் அத்துமீறலை இன்னொரு மேடையில் பேசுகிறார்கள். ஒரு மேடையில் இருப்பவர் காதுக்கு மறு மேடைப் பேச்சு எட்டுவதில்லை. நியூயார்க் நகரத்தைப் பாருங்கள். சட்டவிரோதத் துப்பாக்கியைத் தேடுகிறோம் என்ற பெயரில் 2004 தொடக்கத்திலிருந்து 2012 நடுப்பகுதிவரை போலீசார் தெருவில் 44 இலட்சம் தடவை ஆட்களை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டோரில் 83 விழுக்காடு கறுப்பினத்தவரும் இலத்தீனத்தவரும். உடல் தடவிச் சோதிக்கப்பட்ட நூற்றில் 98 பேருக்கு மேற்பட்டோரிடம் ஆயுதம் ஏதுமில்லை! இப்படி நடத்தியது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2013இல் மத்திய நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். புரூயன் வழக்கிலே ஒரு விந்தை: நியூயார்க்கின் உரிமச் சட்டத்தை ஒழிக்க வேண்டுமென்று துப்பாக்கி அன்பர்களோடு சேர்ந்து மனுச் செய்தவர்களுள், ஏழைகளுக்காக வாதாடும் அந்நகர வழக்கறிஞர்களும் இருந்தனர், அவர்களுள் கறுப்பினத்தவர் பலர். ஏனாம்? அச்சட்டத்தால் சிறை சென்று கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் தம் கட்சிக்காரர்களே என்றார்கள். அவர்கள் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன செய்தியை மறுக்க என்னால் முடியவில்லை.

துப்பாக்கி உரிமையும் சரி, துப்பாக்கித் தடையும் சரி, ஏட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வரும்போது ஒரு போலீசாரின் கண் வழியாகத்தான் வருகிறது. அந்தக் கண் மூக்கின் அகலத்தை அளக்கும் கண்ணாயிருக்கும் வரையில், உரிமை வெள்ளையனுக்கும் தடை கறுப்பனுக்கும் போய்ச் சேருகிறது.

2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, ரைபிள் சங்கத் தலைவர் ஒருவர் தத்துவம் பேசினார். துப்பாக்கி ஏந்திய கெட்டவனைத் தடுக்க வல்லவன் துப்பாக்கி ஏந்திய நல்லவன் ஒருவனே என்பது அதன் சாரம். நல்லவன் என்று நெற்றியில் எழுதியிருக்குமா? 2018 நவம்பரில் சிகாகோவை அடுத்த ராபின்ஸ் என்னும் ஊரில், மதுக்கடைக் காவலாளி ஒருவர், உள்ளே சுட்டவனை மடக்கித் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி ஏந்திய நல்லவர், 26 வயது. வந்து சேர்ந்த போலீஸ்காரர் சுட்டார். யாரை? காவலாளியை! காவலாளி கறுப்பினத்தவர் என்பதை நான் சொல்லாமலே நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

2014இல், கிளீவ்லண்டு நகரத்துப் பூங்கா ஒன்றில், 12 வயதுச் சிறுவன் டாமிர் ரைஸ் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றிருந்தான். தொலைபேசியில் புகார் சொன்னவர், அது பெரும்பாலும் போலியாக இருக்கலாம் என்றும் சொன்னார்; அந்தச் சொல் போலீசாருக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்றது. இரண்டு வினாடிக்குள் சிறுவன் சாய்ந்தான். அந்த ஒகையோ மாநிலத்தில் வயது வந்தவர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திச் செல்வதே சட்டப்படி ஆகும்! மெய்த் துப்பாக்கி ஏந்த உரிமையுள்ள நாட்டில் பொம்மைத் துப்பாக்கிக்குத் தண்டனை மரணம். என் வகுப்பில் 12 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குச்சியைத் தோளில் சார்த்தி ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவார்கள். சுடப்பட்டவன் எழுந்து சண்டைக்கு வருவான்.

போலீசார் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் விமரிசனம் எழுதுபவனல்லன், வசை எழுதுபவன். காஸ்டில் மாண்ட மறுநாள், 2016 ஜூலை 7, அக்கொலைகளைக் கண்டித்து டல்லஸ் நகரில் நடந்த ஊர்வலத்தின்போது ஒருவன் மறைந்திருந்து ஐந்து போலீசாரைச் சுட்டுக் கொன்றான். அந்த ஊர்வலத்தில் சட்டப்படி ரைபிள் ஏந்தி வந்த வேறு பலரும் இருந்தனர். அவர்களுள் ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேகத்துக்குரியவர் என்று போலீசாரே உலகுக்கெல்லாம் பரப்பிவிட்டனர். அவர் குற்றமற்றவர் என்பது பிறகு தெரிந்தது. டல்லஸ் போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் — அவரும் கறுப்பினத்தவர் — எல்லோரும் ரைபிளைத் தோளில் மாட்டிவந்தால், சுடத் தொடங்கியதும் எவன் நல்லவன், எவன் கெட்டவன் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நொந்து கேட்டார். ரைபிள் சங்கத் தத்துவத்துக்கு நூறு பேராசிரியர் எழுத முடியாத மறுப்பை ஒரு போலீஸ்காரர் பேசிவிட்டார்.

எதிரில் வருபவன் எவனும் துப்பாக்கி வைத்திருக்கக்கூடும். ஆகவே அஞ்சுகிறான் போலீஸ்காரன். அஞ்சியதால் சுடுகிறான். நீதிமன்றம் அந்த அச்சத்துக்கு மதிப்புத் தருகிறது. 1989இல், கிரஹாம் வழக்கில் தலைமை நீதிமன்றம் வகுத்த விதி அது: பின்னால் தெரிய வந்ததைக் கொண்டு அளக்காதே, அந்த இடத்தில், அந்த நொடியில் நின்ற அறிவுள்ள ஓர் அதிகாரியின் கண்ணோடு பார். அவ்வழக்கைத் தொடுத்தவர் கறுப்பின நீரிழிவு நோயாளி. மயக்கம் வரும் நேரத்தில் பழச்சாறு வாங்கக் கடைக்குள் விரைந்து நுழைந்து, வரிசை நீளம் கண்டு விரைந்து வெளியேறியதுதான் அவர் செய்த பிழை! கால் எலும்பு முறியும்படி நடத்தப்பட்டார். அதிகாரியின் அச்சத்துக்கு அந்த நாட்டில் சட்டநூல் உண்டு. காஸ்டிலின் அச்சத்துக்கு? அவர் அந்த இரவுக்கு முன் சில்லறைப் போக்குவரத்துக் காரணங்களுக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை நிறுத்தப்பட்டவர். ஒவ்வொரு தடவையும் அவர் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும் என்பதை அளக்க எந்த நீதிமன்றமும் கோல் வகுக்கவில்லை.

வாஷிங்டன் போஸ்ட் நாளேடு 2015 முதல் 2024 வரை தொகுத்த கணக்கு, ஆண்டுக்குச் சுமார் 1,000 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டதைக் காட்டுகிறது. அவர்களுள் ஆயுதம் வைத்திருந்தோர் மிகப் பலர் என்பதும் உண்மை. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவர் மாண்ட விகிதம் வெள்ளையரைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்பதும் உண்மை. துப்பாக்கி மலிந்ததால் போலீஸ் அஞ்சுகிறது. போலீசை அஞ்சி மக்கள் மேலும் துப்பாக்கி வாங்குகிறார்கள். ஜார்ஜ் ஃபிளாய்டு ஒரு போலீஸ்காரரின் முழங்காலின் கீழ் மூச்சடங்கிய 2020ஆம் ஆண்டில், துப்பாக்கி தொடர்பாக மத்திய அரசு நடத்திய பின்னணிச் சோதனைகள் சுமார் 4 கோடி. அதுவரை கண்டிராத எண்ணிக்கை. செக்கு மாடு சுற்றுவதுபோல் சுற்றுகிறது.

சரி, இத்தனை அதிகாரமும் இத்தனை அச்சவுரிமையும் பெற்ற போலீசார், மக்களைக் காக்கவாவது கடமைப்பட்டவர்களா? 2005இல் தலைமை நீதிமன்றத்தின் முன் ஒரு தாயின் வழக்கு வந்தது. பிரிந்து வாழ்ந்த கணவனுக்கு எதிராகத் தடையாணை பெற்றிருந்தவள். அவன் மூன்று பெண் குழந்தைகளையும் கொண்டுபோய்விட்டான் என்று காசில் ராக் நகரப் போலீசிடம் இரவெல்லாம் மன்றாடினாள். போலீஸ் அசையவில்லை. மூவரும் கொல்லப்பட்டனர். தடையாணையைப் போலீஸ் நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கோர அவளுக்கு அரசியல் சட்டத்தில் உரிமையில்லை என்றனர், எழுவருக்கு இருவர் என்ற கணக்கில். 2022 மே 24இல் டெக்சாஸ் மாநிலத்து உவால்டி ஊரில் நிகழ்ந்தது இன்னும் கொடுமை. 18 வயது நிரம்பியதும் சட்டப்படி வாங்கிய துப்பாக்கியோடு ஒருவன் தொடக்கப்பள்ளிக்குள் புகுந்தான். வந்து குவிந்த அதிகாரிகள் 376 பேர். வகுப்பறைக் கதவுக்குள் அவர்கள் நுழைய 77 நிமிடம் பிடித்தது. குழந்தைகள் 19, ஆசிரியைகள் 2. இரண்டு வினாடியில் டாமிரைக் கண்டு அஞ்சிச் சுட்டது ஓர் ஊர் போலீஸ். மெய்யான துப்பாக்கிக்கு அஞ்சி 77 நிமிடம் தாழ்வாரத்தில் நின்றது ஓர் ஊர் போலீஸ்.

அச்சம் எங்கே செல்லுபடியாகிறது, எங்கே ஆகவில்லை என்பதைக் கேட்பவர்கள் அந்த நாட்டிலும் இருக்கிறார்கள். காஸ்டிலின் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 2020 ஜூலையில் மின்னசோட்டா, போலீசார் உயிர் பறிக்கும் பலத்தைக் கையாளும் விதியை இறுக்கியது. வெறுமனே அஞ்சினேன் என்றால் போதாது, என்ன ஆபத்து என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்றது. 2021இல், காஸ்டில் மாண்ட வட்டாரத்தின் அரசு வழக்கறிஞர், பின்விளக்குப் போன்ற சில்லறைக் காரணத்துக்காக நிறுத்திச் சோதித்துக் கண்டெடுக்கும் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு இனி வழக்குத் தொடுப்பதில்லை என்று அறிவித்தார். 2023 மே மாதத்தில் அதே மாநிலம் துப்பாக்கிச் சட்டத்தையும் திருத்தியது. தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனையை விரித்தது. தமக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யக்கூடியவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியைச் சில காலம் வாங்கி வைக்க வழி செய்தது. அந்த ஆணையை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டப்போவது போலீஸ்தான். முதல் சட்டம் இல்லாமல் பின் சட்டத்தை மட்டும் செய்திருந்தால் அந்தக் கதவுத் தட்டல் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இருவேறு மேடைகளில் பேசிக்கொண்டிருந்ததை மூன்றாண்டுக்குள் ஒரே சட்டமன்றம் கையிலெடுத்தது என்பதனால் இதைக் குறிப்பிடுகிறேன். முழு வெற்றி என்று கொண்டாடுவதற்கன்று. அங்கும் 27 சொல்லைக் காட்டி வழக்காடுவோர் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

காஸ்டிலின் பெயரால் ஒரு கல்லூரி ஆசிரியை நிதி திரட்டினார். மதிய உணவுக்குக் காசு கட்ட முடியாத பிள்ளைகளின் பெயரில் பள்ளிக் கணக்கில் கடன் ஏறிக்கொண்டே போகும், அதைத் தீர்க்கத்தான். 5,000 டாலர் கிடைத்தால் போதுமென்று தொடங்கினார். இலட்சத்தைத் தாண்டி வந்தது. 2018இல் செயின்ட் பால் நகரத்து எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் உணவுக் கடன் ஒரு காசு மிச்சமின்றித் தீர்ந்தது.